டாக்டருக்குப் படிக்க எந்தக் காலேஜ்?

பேளுக்குறிச்சிச் சந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொல்லிமலை அடிவாரத்தில், இராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். சனிக்கிழமை தோறும் சந்தை கூடும். வருஷத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், கடுகு, மல்லி எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிக்கொண்டு போக வெளியூர்களிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். அங்கே வருகிற பெண்மணிகளின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும்! மிளகை உள்ளங்கையில் கொட்டி உருட்டுவார்கள்; ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார்கள்; சீரகத்தைக் கசக்கி மோந்து பார்ப்பார்கள். நாலு கடை ஏறி இறங்கிய பிறகுதான் பையை விரிப்பார்கள்.

ஒரு கிலோ மிளகுக்கு இத்தனை பரீட்சை செய்கிற நாம், மகள் ஐந்தரை வருஷம் தங்கிப் படிக்கப் போகிற வைத்தியக் கல்லூரியை மட்டும் பெயரைக் கேட்டே முடிவு செய்துவிடுகிறோமே, இது நியாயமா?

வீட்டில் நீட் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கிய பெண் ஒருத்தி இருந்துவிட்டால் போதும். "மெட்ராஸ் மெடிகல் காலேஜ்தான் காலேஜ், மற்றதெல்லாம் எதற்கு?" என்பார் பெரியப்பா. "ஸ்டான்லியை விட்டுவிடாதே கண்ணு" என்பார் மாமா. "வயசுப் பெண்ணை அத்தனை தூரம் அனுப்பிவிட்டு நான் இங்கே தூங்குவதா?" என்று அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். யார் சொல்வதைக் கேட்பது? வாருங்கள், சென்னையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

சென்ட்ரலுக்கு எதிரே

சேலத்தில் ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், சாலைக்கு அந்தப் பக்கம் தெரிவதே பெரியாஸ்பத்திரி. 1664-ல் ஜார்ஜ் கோட்டைக்குள் சிறிய ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. 1772 முதல் இப்போதுள்ள இடத்தில் இருக்கிறது. இன்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என்று பெயர். 1835-ல் இங்கே வைத்தியப் பள்ளி ஆரம்பமாயிற்று. 1850-ல் அது கல்லூரியாக உயர்ந்தது.

பெண்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1875-லேயே இந்தக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேய மாது. ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ள மாட்டாமல் பிரசவத்தில் தவிக்கும் பெண்களைப் பார்த்து மனம் பொறாமல் படிக்க வந்தவர் அவர். 1885-ல் தோன்றிய திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி அவருடைய முயற்சியால் எழுந்தது. புதுக்கோட்டையிலிருந்து வந்து படித்து 1912-ல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்தக் கல்லூரி மாணவியே. அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் அவரால் உண்டாயிற்று.

இங்கே வருஷத்துக்கு 250 பேர் சேர்கிறார்கள். எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி, குழந்தைகள் ஆஸ்பத்திரி, கண் ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி எல்லாம் இதோடு சேர்ந்தவை. தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் புரியாத வியாதி என்றால் நோயாளியை இங்கே அனுப்புவார்கள். புத்தகத்தில் மட்டுமே காணக்கூடிய நோயை நேரில் பார்க்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அலையவும் வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பெண் இந்தக் கூட்டத்தில் பின்வரிசையிலேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி

ராயபுரம் பக்கம் போனால் ஸ்டான்லி. பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. அதனால்தான் வட சென்னையின் வயதானவர்கள் வாயில் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1938-ல் கல்லூரியாயிற்று. இங்கும் 250 இடங்கள்.

துறைமுகம், மீன்பிடிக் குப்பம், தொழிற்சாலைகள், நெருக்கமான தெருக்கள் இத்தனைக்கும் நடுவே இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் கேட்க வேண்டுமா? இயந்திரத்தில் சிக்கி நசுங்கிய கையைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு ஸ்டான்லி தேசப் பிரசித்தி பெற்றது. கை சிகிச்சைக்கென்றே தனி நிலையம் வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி உண்டு. உழைக்கிற ஜனங்களின் வைத்தியத்தைக் கற்க விரும்புகிறவளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார், கே.கே. நகர்

கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி 1960-ல் பிறந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இந்திய வைத்தியம் கற்பித்த கல்லூரி இருந்தது. மூலிகைக்குப் பேர்போன கொல்லிமலைப் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒரு சொந்தம் மாதிரிதானே! 150 இடங்கள். தீப்புண் சிகிச்சைக்கு இதன் வார்டு பெயர் பெற்றது. அடுப்பங்கரை விபத்துகளை நினைத்தால், பெண்களுக்கு அந்த வார்டின் அருமை தெரியும். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியும் இதைச் சேர்ந்ததே.

அண்ணா சாலையை ஒட்டிய ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துக் கல்லூரி 2015-ல் வந்தது. 100 பேர்தான். கே.கே. நகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.க்குச் சந்தா பிடிக்கப்படும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அங்கே தனியாக இடம் உண்டு. நூற்பாலையிலும் தறிப்பட்டறையிலும் வேலை செய்கிற எத்தனையோ தகப்பனார்களுக்கு இந்தச் சேதி தெரிவதில்லை. உங்கள் வீட்டில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இன்றே விசாரியுங்கள்.

நம் ஊர்ப் பக்கம்

சென்னையைப் பார்த்தாயிற்று. பேளுக்குறிச்சிக்காரர்களுக்கு அருகிலேயே என்ன இருக்கிறது? சேலத்தில் 1986 முதல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இரண்டிலும் நூறு நூறு இடங்கள்.

"அதெல்லாம் சின்ன ஊர்க் காலேஜ்" என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கல்லூரிகள் எல்லாமே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே எம்.பி.பி.எஸ். பட்டம். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷ ஆஸ்பத்திரிப் பயிற்சி என்ற கணக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மேற்படிப்புப் படிக்கிற டாக்டர்கள் நிறைய இருப்பார்கள். கஷ்டமான கேஸ் எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். சின்னவர்கள் நிறையப் பார்க்கலாம். சிறிய ஆஸ்பத்திரியில் அபூர்வ வியாதி குறைவு. ஆனால் பாம்புக்கடி, காய்ச்சல், விபத்து, பிரசவம் என்று தினமும் வருவதை மாணவி தன் கையாலேயே செய்து பழகச் சந்தர்ப்பம் அதிகம். பழைய கல்லூரியில் பெரிய நூலகமும், அனுபவசாலிகளான பேராசிரியர்களும் இருப்பார்கள். புதிய கல்லூரியில் எல்லாத் துறைக்கும் ஆசிரியர்கள் நிரம்பியிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சரி, எதை விசாரிப்பது? ஐந்து விஷயங்களைக் கேளுங்கள்:

1. காலையில் வெளி நோயாளிகள் எவ்வளவு பேர் வருகிறார்கள்?

2. ஒரு படுக்கையைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள்?

3. பெண்கள் விடுதி ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இருக்கிறதா? இரவு டியூட்டி முடிந்து எப்படித் திரும்புவது?

4. முதல் வருஷத்தில் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு யாராவது கைகொடுக்கிறார்களா?

5. பயிற்சி வருஷத்தில் இருப்பவர்கள் தாங்களே எத்தனை பிரசவம் பார்த்தார்கள்?

கடைசி இரண்டு கேள்விகளையும் ஆபீசில் கேட்காதீர்கள். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் மாணவிகளைக் கேளுங்கள், உண்மை வரும்.

காடு கரையை விற்கலாமா?

அரசுக் கல்லூரியில் வருஷச் சம்பளம் ஆயிரங்களில் அடங்கிவிடும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றாலே லட்சங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கும் மேல். 'இரண்டு ஏக்கரை விற்றால் போகிறது' என்று ஆரம்பிக்கிற குடும்பம், முதல் வருஷச் சம்பளத்தோடு நிலத்தை இழந்து, இரண்டாம் வருஷம் வட்டிக்கு வாங்கி, மூன்றாம் வருஷம் தங்கையின் படிப்பை நிறுத்துகிற கதை புதிதல்ல. ஐந்து வருஷச் செலவையும் முதலிலேயே காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கு இடித்தால், இன்னொரு வருஷம் படித்து மறுபடி பரீட்சை எழுதுவது அவமானமே இல்லை.

சில சலுகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத இடம் தனியே ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் சம்பளத்தை அரசாங்கமே கட்டுகிறது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குப் பழங்குடி ஒதுக்கீடு ஒரு சதவீதம். நூறு இடமுள்ள கல்லூரியில் அது ஏறக்குறைய ஒரே ஓர் இடம்! அந்த ஓர் இடத்துக்குத் தகுதியுள்ள பெண், ஜாதிச் சான்றிதழ் நேரத்துக்கு வராததால் நின்றுவிடக் கூடாதல்லவா? பத்தாவது படிக்கும்போதே சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

வரிசை எழுதும் நாள்

கவுன்ஸிலிங்கில் நாம் செய்வது ஒன்றே ஒன்று: கல்லூரிகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பது. மற்றதை மகளின் ராங்க் பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு வீண் பயம் இருக்கிறது. 'எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் எட்டுகிற கல்லூரியும் கைநழுவிவிடும்' என்று நினைத்து, பிடித்ததைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அவள் முறை வரும்போது வரிசையில் மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுப்பார்கள். எனவே உண்மையாகவே பிடித்த வரிசையில் எழுதுங்கள். சம்பளம் கட்ட முடியாத கல்லூரியை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். கிடைத்த பின் வேண்டாம் என்றால், சுற்றைப் பொறுத்துக் கட்டிய முன்பணம் போய்விடலாம்.

அன்றைக்குப் பெரியப்பாவும் மாமாவும் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். கம்ப்யூட்டர் முன்னால் மகளை உட்கார வையுங்கள். பெரிய நகரத்தில் தனியே நின்று பழக ஆசைப்படுகிறாளா, வாரம் ஒரு நாள் வீட்டுச் சாப்பாடு இருந்தால்தான் தைரியமாகப் படிப்பாளா என்பது அவளுக்குத்தான் தெரியும். இரண்டுமே தப்பில்லை.

அவள் டாக்டராகித் திரும்பி வந்த பிறகு ஓர் இரவு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பிரசவ வேதனையோடு ஒருத்தியைக் கொல்லிமலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருவார்கள். 'எந்தக் காலேஜில் படித்தீர்கள்?' என்று அவள் கேட்கப்போவதில்லை. 'டாக்டரம்மா இருக்கிறார்களா?' என்றுதான் கேட்பாள்.