வாரை இழுத்தால் மார்க் போகும்!

நாய்க் கண்காட்சி நடக்கும் மைதானத்தில், ஒரு மூலையில் கயிறு கட்டிய சதுரம் ஒன்று இருக்கும். அழகுப் போட்டியைச் சுற்றி நிற்கும் கூட்டம் அங்கே இருக்காது. நாயின் காது எப்படி, வால் எப்படி என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். கீழ்ப்படிதல் போட்டி என்று அதற்குப் பெயர்.

பெங்களூர், டெல்லி போன்ற ஊர்களில் இந்தக் கண்காட்சிகள் பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில் நடக்கின்றன. இவற்றுக்கு விதிமுறை வகுக்கும் இந்திய கென்னல் கிளப்பின் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. பண்ணை வைத்திருக்கும் பணக்காரர்கள் விவகாரம் இது என்று ஒதுங்கிப் போகிறவர்கள் பலர். அழகுப் போட்டிக்கு அது பொருந்தலாம். கீழ்ப்படிதல் போட்டியில் பணத்துக்கு வேலை குறைவு. தினம் கால் மணி நேரம் ஒதுக்கக்கூடிய குமாஸ்தாவும், ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியும் அங்கே பங்களாக்காரருக்குச் சமமாக நிற்கலாம்.

ஆனால் ஆசையோடு போகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதுதான் 'ஹீல்' நடை.

நூற்றுக்கு நாற்பது

'ஹீல்' என்றால் குதிகால். நாய், எசமானரின் இடது காலை ஒட்டி வரவேண்டும். அவர் மெதுவாகப் போனால் மெதுவாக, ஓடினால் ஓடி, திரும்பினால் திரும்பி வரவேண்டும். நின்றால், யாரும் சொல்லாமலே நேராக உட்கார வேண்டும். நாயின் தலைக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பாகம் எசமானரின் இடது இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. அந்நாட்டுத் தொடக்க நிலைப் போட்டியில் மொத்தம் 200 மார்க். வாரோடு நடப்பதற்கு 40, வார் இல்லாமல் நடப்பதற்கு 40. ஆக, நூற்றுக்கு நாற்பது நடைக்கே போய்விடுகிறது!

அமெரிக்காவில் இந்தப் போட்டி பிறந்ததே ஒரு ரோஷத்தில்தான். ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி பூடில் நாய்கள் வளர்த்து வந்தார். ரோமத்தைக் கத்தரித்து அலங்கரித்த பொம்மை நாய்கள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். பூடிலுக்கு மூளையும் உண்டு என்று காட்ட, இங்கிலாந்தில் அப்போதே நடந்துவந்த சோதனைகளைப் பார்த்து, 1933-ல் நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் கிஸ்கோ என்ற இடத்தில் ஒரு போட்டியை நடத்தினார். வந்து சேர்ந்தவை எட்டே நாய்கள். மூன்றே வருஷத்தில், 1936-ல், அமெரிக்க கென்னல் கிளப் அதற்கு விதிமுறை வகுத்து ஏற்றுக்கொண்டது.

பழைய முறையின் கேடு

ஹீல் பழக்க, நம் மைதானங்களில் இன்றும் பலர் செய்வது ஒன்றே. கழுத்தில் இறுகும் சங்கிலி. நாய் விலகினால் வெடுக்கென்று ஓர் இழுப்பு. போலீஸ் நாய்களையும் பட்டாள நாய்களையும் பழக்கிய ஜெர்மானியரான கொன்ராட் மோஸ்ட், 1910-ல் எழுதிய புத்தகத்தில் இத்தகைய கட்டாய முறையை விளக்கினார். அது உலகமெங்கும் பரவியது.

இழுத்துப் பழகிய நாய் பக்கத்தில்தான் நடக்கும். ஆனால் காது மடிந்து, வால் காலிடுக்கில் போய், தண்டனைக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி நடக்கும். வாரைக் கழற்றிவிட்டால் எட்டடி தள்ளிப் போய்விடும். அதற்குத் தெரிந்ததெல்லாம் இழுப்பு எப்போது வரும் என்பதுதான். எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பது தெரியாது. உடம்புக்கும் நல்லதல்ல. கழுத்துப் பட்டை இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்று 2006-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. போட்டிக் களத்திலோ, வார் விறைப்பாக இருந்தாலே மார்க் குறைப்பார்கள். பிறகு எதற்கு இந்தக் குஸ்தி?

ஈரல் துண்டும் இடது கையும்

இன்று தேர்ந்த பயிற்சியாளர்கள் பலரும் கையாளும் வழி வேறு. இடது காலின் பக்கம் என்பது நல்லது நடக்கும் இடம் என்று நாய்க்குப் புரியவைத்தால் போதும். அது தானே அங்கே வந்து நிற்கும்.

வேகவைத்த கோழி ஈரலைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். நாய் சரியான இடத்தில் இருக்கும் அந்த நொடியில், பேன்ட்டின் இடது பக்கத் தையலை ஒட்டி, இடது கையால் கொடுக்க வேண்டும். இந்த இடது கை விஷயத்தில் ஏமாறுபவர்கள் ஏராளம். பழக்க தோஷத்தில் வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே நீட்டிக் கொடுப்பார்கள். நாய் கெட்டிக்காரப் பிராணி. தீனி வலது பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் முன்னால் வந்து, உடம்பைக் குறுக்கே வளைத்து நண்டு மாதிரி நடக்கத் தொடங்கிவிடும். பிறகு எசமானர் அதன் மேல் தடுக்கி விழுந்து, நாயைத் திட்டுவார்!

முதல் நாள் ஓர் அடிக்கு ஒரு துண்டு. பிறகு மூன்று அடிக்கு, ஐந்து அடிக்கு, பத்து அடிக்கு. பிறகு கணக்கே தெரியாதபடி மாற்றி மாற்றி. இதில் அவசரம் கூடாது. ஆனால் நிறுத்தாமலும் இருக்கக்கூடாது. போட்டிக் களத்துக்குள் தீனி கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே கடைசி மாதத்தில் டப்பாவைத் தூரத்தில் ஒரு திண்ணையில் வைத்துவிட்டு, நடை முடிந்ததும் நாயோடு அங்கே ஓடிப்போய்க் கொடுப்பது வழக்கமாக வேண்டும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்துப் பழக்குவது வீண்.

திரும்பிப் பார்த்தால் கெட்டது

நாய் பின்தங்குகிறது என்பது பொதுவான புகார். பெரும்பாலும் கோளாறு நாயிடம் இல்லை.

நாய் வருகிறதா என்று எசமானர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். தலை திரும்பும்போது இடது தோள் பின்னால் போகிறது. நடையும் சற்றுத் தளர்கிறது. நாய் நம் உடம்பைத்தான் படிக்கிறது. தோள் பின்வாங்கினால் 'மெதுவாக வா' என்று அதற்கு அர்த்தம். அது பின்தங்குகிறது. அவர் மறுபடி திரும்பிப் பார்க்கிறார். அது இன்னும் பின்தங்குகிறது. களத்தைச் சுற்றி வருவதற்குள் இருவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம்.

இதற்கு மருந்து, நாய் இல்லாமல் நடந்து பழகுவது. மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தலை நிமிர்ந்து, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். நாய் கூட வரவேண்டுமானால் இடது காலை முதலில் எடுத்து வைப்பது; அதை உட்காரவைத்துவிட்டுப் போவதானால் வலது காலை முதலில் எடுப்பது. இதை ஒரு நாளும் மாற்றக்கூடாது. திரும்பும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கால் வைக்க வேண்டும். வீட்டிலுள்ள பையனிடம் செல்போனைக் கொடுத்துப் பின்னாலிருந்து படம் எடுக்கச் சொன்னால், தோள் எங்கே சரிகிறது என்பது தெரிந்துவிடும். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போதும் பழகலாம். பார்ப்பவர் என்ன நினைத்தால் என்ன?

வலப்பக்கம் திரும்பும்போது நாய் வெளிவட்டத்தில் வேகமாக வரவேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது உள்வட்டத்தில் நிதானிக்க வேண்டும். எனவே பின்தங்கும் நாயை வலப்பக்க வட்டங்களில் சுறுசுறுப்பாக அழைத்துப் போய் நல்ல இடத்துக்கு வந்ததும் ஈரலைக் கொடுக்கலாம். முந்திப் போகும் நாய்க்கு இடப்பக்க வட்டம். விலகி நடக்கும் நாயை, கோணலாக உட்காரும் நாயை, சுவருக்கும் இடது காலுக்கும் நடுவில் நடத்தினால் தானே நேராகும். எட்டு அடி இடைவெளியில் இரண்டு நாற்காலி போட்டு, எட்டு வடிவில் சுற்றி வருவது மிக நல்ல பயிற்சி. அமெரிக்கப் போட்டிகளில் நாற்காலிக்குப் பதில் இரண்டு ஆட்கள் நிற்பார்கள்.

எவ்வளவு உற்சாகப்படுத்தியும் நாய் பின்தங்கினால் கால்நடை டாக்டரிடம் காட்டுவது முறை. ஆல்சேஷன் இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு அடிக்கடி காணப்படுவது. வலியோடு நடக்கும் நாயைப் பிடிவாதக்கார நாய் என்று சொல்வது பாவம்.

ஒரு நாய்க்கு எத்தனை பாஷை?

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அப்பா 'கம்' என்கிறார். அம்மா 'வாடா' என்கிறார். பிள்ளைகள் தெருவில் கற்ற கன்னடத்திலோ இந்தியிலோ கூப்பிடுகிறார்கள். நாய் நடுவில் நின்று விழிக்கிறது. நாய்க்கு எந்த பாஷையும் ஒன்றுதான். ஆனால் ஒரு செயலுக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும். 'ஹீல்' என்றாலும் சரி, 'பக்கம்' என்றாலும் சரி. ஒன்றை முடிவு செய்து சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுவது உத்தமம். பாட்டி உட்பட எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்து சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ கொண்டுவந்து வளர்ப்பவர்களுக்குப் பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கண்ணால் இரையைக் கண்டு பாய்ந்து துரத்தப் பிறந்த இனங்கள் இவை. மனிதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடப்பது அவற்றின் குலத் தொழில் அல்ல. ஆனால் பழக்கவே முடியாது என்பது கட்டுக்கதை. கர்நாடகத்தின் முதோள் வேட்டை நாய்களை 2016-ல் ராணுவம் மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. இந்த இனங்களுக்கு ஈரலைவிட, பத்து அடி ஒழுங்காக நடந்தபின் ஒரு பந்தையோ துணிச் சுருளையோ தூக்கிப் போட்டுத் துரத்தவிடுவதுதான் பெரிய பரிசு.

கடைசி வாரம்

சொந்தத் தெருவில் தங்கமாக நடக்கும் நாய், மைதானத்தில் ஊமையாகிவிடும். இடம் மாறினால் பாடமும் மறந்துபோகும். ஆகவே பூங்கா வாசல், பள்ளி மைதானம், கடைத்தெரு ஓரம் என்று இடம் மாற்றிப் பழக்க வேண்டும். புது இடத்தில் முதல் நாள் மறுபடியும் ஓர் அடிக்கு ஒரு துண்டு. 'முன்னே போ, வலம் திரும்பு, நில்' என்று கட்டளை சொல்ல ஒரு நண்பரைக் கூட்டிக்கொள்ளலாம். களத்தில் கேட்கப்போவது அன்னியக் குரல் அல்லவா? வெயில் ஏறுமுன் பயிற்சி முடிந்துவிட வேண்டும். புறங்கையைச் சில விநாடி தரையில் வைக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் அதில் படக்கூடாது.

போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியைக் குறைக்க வேண்டுமே தவிரக் கூட்டக்கூடாது. முதல் நாள் இரவு வரை நடத்தி நடத்திச் சலிப்பேற்றிவிட்டு, காலையில் நாய் சோர்ந்திருக்கிறது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. முந்தைய நாள் முழு ஓய்வு. அன்று காலை வயிறு நிறையத் தீனி வேண்டாம், தண்ணீர் போதும். பேர் கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நாயை நிழலில் உலவவிட்டு, அதன் இயற்கை உபாதைகளை முடித்துக்கொள்ள விடவேண்டும். எந்தப் பிரிவில் சேரலாம், பதிவுச் சீட்டு வேண்டுமா, எந்த வகைக் கழுத்துப் பட்டைக்கு அனுமதி என்பதையெல்லாம் பெயர் கொடுக்கும்போதே அமைப்பாளர்களிடம் கேட்டு, விதிமுறைத் தாள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.