வில்பெட்டிக்கு ஓர் உறை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பாய், கயிற்றுக் கட்டில், பலகைக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை என்பதோடு நம் படுக்கைச் சாத்திரம் பெரும்பாலும் முடிந்துவிடும். அமெரிக்கர்களின் படுக்கையோ மூன்றடுக்கு மாளிகை! கீழே கால் வைத்த இரும்புச் சட்டம். அதன்மேல் பாக்ஸ் ஸ்பிரிங் எனப்படும் பெட்டி. அதற்கும் மேலேதான் மெத்தை. நடுவில் உள்ள இப்பெட்டியை இக்கட்டுரையில் வில்பெட்டி என்றே குறிப்பிடுகிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

மரச்சட்டத்தின்மேல் எஃகுச் சுருள்வில்களை வரிசையாக நிறுத்தி, மேலே கம்பியால் பிணைத்து, துணியால் போர்த்தியதே வில்பெட்டி. உயரம் வழக்கமாக 9 அங்குலம். மெத்தைக்குள்ளும் வில், பெட்டிக்குள்ளும் வில். அதாவது தொடரில் அமைந்த இரு வில்கள். 1678இல் ஹூக் வெளியிட்ட விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். இரண்டும் சம விறைப்புடையவை என்றால், சேர்ந்த அமைப்பின் விறைப்பு பாதியாகிவிடும். அதே எடைக்கு இருமடங்கு அமுங்கும். அமெரிக்கர் விரும்பிய சொகுசின் கணக்கு இவ்வளவுதான். இக்காலத்து நுரை மெத்தைகளுக்கு இந்த அமுக்கம் ஆகாது. ஆகவே இன்று விற்கும் பல வில்பெட்டிகளுக்குள் வில்லே கிடையாது. வெறும் மரச்சட்டமோ இரும்புக் கம்பி வலையோதான் இருக்கும். பெயர் மட்டும் மாறவில்லை.

இப்பெட்டி வெளியே தெரியாது என்ற துணிவில் தொழிற்சாலையார் அதற்குச் சாதாரணத் துணியையே போர்த்தி அனுப்புகின்றனர். விரிப்போ மெத்தையோடு நின்றுவிடுகிறது. எனவே அந்த ஒன்பது அங்குலமும் எட்டிப் பார்க்கும். அதை மறைக்க, மெத்தைக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு துணியைச் செருகி, கொசுவம் வைத்துத் தரைவரை தொங்கவிடுவார்கள். அதன் பெயர் பெட் ஸ்கர்ட். கட்டிலுக்குப் பாவாடையா என்று சிரிக்க வேண்டாம், பெயரே அதுதான்.

இந்த அமெரிக்கச் சங்கதி எனக்கு எப்படித் தெரிந்தது என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் குஷன் வேலை செய்பவர். அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய ஒருவர், தம் வீட்டுச் சாமான்களுடன் கட்டிலையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அவ்வீட்டில் ஒரு சிறு குழந்தைக்கு இளைப்பு. படுக்கையறையில் தொங்கும் துணிகளைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். போதாக்குறைக்குத் தினமும் தரையைத் தண்ணீர்விட்டுத் துடைக்கிற வீடு. தரையைத் தொடும் துணி ஈரத்தை உறிஞ்சும்; தூசி ஒட்டும்; பிறகு பூஞ்சணம் பிடிக்கும். “பாவாடை மாதிரி எதுவும் தொங்கக் கூடாதுண்ணே. ஆனா இந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியவும் கூடாது” என்றார் அந்த அம்மையார்.

மறைப்பது வேறு, மூடுவது வேறு என்று அப்பா வேலையை ஆரம்பித்தார். பாவாடை மறைக்கிறது, அதன் பின்னால் தூசியும் கரப்பானும் தம் போக்கில் வாழும். உறை பெட்டியோடு ஒட்டி இறுக்கமாக நிற்கும். அடியில் துடைப்பம் தாராளமாகப் புகும்.

செலவில்லாத வழிகளும் உண்டு. ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த விரிப்பு கடைகளில் கிடைக்கிறது. மெத்தையைத் தூக்கிவிட்டு அதைப் பெட்டிக்கே மாட்டிவிடலாம். ஆனால் வழுவழுப்பான துணி கூடாது. உராய்வு குறைந்தால் மெத்தை இரவெல்லாம் நழுவும். இன்னொரு வழி, மெத்தையையும் பெட்டியையும் சேர்த்து மறைக்கும் பெரிய மேல்விரிப்பு. குயின் என்ற அளவுக் கட்டில் 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உடையது. மெத்தை 12 அங்குலம் என்றால், பெட்டியோடு சேர்த்துப் பக்கத்துக்கு 21 அங்குலம் தொங்க வேண்டும். விரிப்பின் அகலம் 102 அங்குலமாவது இருக்க வேண்டும். பகலில் பார்வைக்கு அழகுதான். இரவில் அதை மடித்தவுடன் பெட்டி மீண்டும் தலைகாட்டும்.

நிலையான வழி தையல் உறையே. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அப்பா முதலில் பெட்டியின் மேல் விளிம்பில் முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்தார். அமுங்கியது. உண்மையான வில்பெட்டி! அப்படியானால் மேல் விளிம்பில் இருப்பது கம்பி, மரமன்று. அங்கே ஆணி பிடிக்காது. எப்படியோ இழுத்துப் பொருத்தினாலும், உட்காரும்போதெல்லாம் வில் அமுங்கி எழும்ப, துணி கிழியும். ஆகவே மேலே தைத்துக் கீழே ஆணி அடிக்க வேண்டும். மேற்பரப்புக்குக் காடாத் துணி போதும். யார் பார்க்கப் போகிறார்கள்? அதன் சொரசொரப்பு மெத்தையையும் நகரவிடாது. பக்கங்களுக்கு மட்டும் நல்ல பருத்தித் துணி. இரண்டையும் இணைத்துக் குல்லாய்போல் தைத்துப் பெட்டிக்கு மாட்டி, அடிச்சட்டத்தின் கீழே மடித்து டாக்ஸ் ஆணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து தொடங்கி மூலைகளை நோக்கிச் செல்ல வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும்.

துணிக் கணக்கைப் பார்ப்போம். பக்க உயரம் 9, கீழ் மடிப்பு 3, தையலுக்கு 1, ஆக 13 அங்குலப் பட்டை. 54 அங்குல அகலத் துணியில் இவ்வாறு நான்கு பட்டைகள் கிடைக்கும். மூலைகளில் மட்டும் இணைப்பு வருமாறு 82 அங்குல நீளம் எடுத்தால், ஏறத்தாழ 2.10 மீட்டர் துணி போதும். நான் காகிதத்தில் போட்ட இக்கணக்கை, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பா சாணால் அளந்தே சொல்லிவிட்டார். இதே கட்டிலுக்கு மூன்று பக்கம் பாவாடை தைத்தால், இருமடங்கு கொசுவத்தோடு 440 அங்குல நீளம் வேண்டும். மூன்றே முக்கால் மீட்டர் துணி பிடிக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பட்டையைத் துணியின் நீளவாக்கில் வெட்டுவதால், பூப்போட்ட துணியில் பூக்கள் படுத்துக்கொள்ளும். ஒரே நிறத் துணியே உத்தமம்.

துடைக்க எளிது என்று சிலர் ரெக்சின் போடச் சொல்வர். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை, எனக்கும் இல்லை. மேலே படுப்பவரின் வியர்வை ஈரம் வெளியேற வழி வேண்டாமா? பெட்டியின் அடிப்புறம் மெல்லிய காற்றோட்டமான துணியால் மூடப்பட்டிருப்பதும் இதற்காகவே. அது கிழிந்திருந்தால் அதேபோன்ற துணியை அடித்துவிட வேண்டும். இல்லையேல் பல்லி குடியேறும். தொழிற்சாலைத் துணியை உரித்தெறியவும் கூடாது. அமெரிக்காவில் 2007 ஜூலை 1 முதல் மெத்தையும் அதன் அடிப்பெட்டியும் தீச்சுடர்ச் சோதனையில் தேற வேண்டும் என்பது விதி. அந்தப் பாதுகாப்பில் பழைய துணிக்கும் பங்குண்டு; புதியதை அதன்மேல்தான் போட வேண்டும்.

மூட்டைப்பூச்சி பற்றி ஒரு வார்த்தை. மர இணைப்புகளும் துணி மடிப்புகளும் அதற்கு அரண்மனை. இரத்தமின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும் பிராணி அது. உறை போடுமுன் பெட்டியைத் தலைகீழாக்கி, டார்ச் விளக்கு அடித்துச் சந்துகளில் கரும்புள்ளிகள் உண்டா என்று பார்ப்பது அவசியம். ஆணி அடித்த உறை பூச்சியைச் சிறை வைக்காது. பூச்சி இருந்தால், ஆறு பக்கமும் மூடி ஜிப் வைத்த தனி உறையே வேண்டும்.

கிங் அளவுக் கட்டில் 76 அங்குல அகலம். அவ்வளவு பெரிய பெட்டி மாடிப்படியில் திரும்பாது என்பதால், 38 அங்குலப் பெட்டிகள் இரண்டாகவே பெரும்பாலும் வரும். இரண்டையும் சேர்த்து ஒரே உறை போட்டால் வீடு மாற்றும் நாளில் அத்தனை ஆணியையும் பிடுங்க வேண்டியதுதான். தனித்தனியே போட்டுவிடலாம்; நடுவில் ஒன்றையொன்று தொடும் இரு பக்கங்களுக்கும் காடாத் துணியே போதும்.