கழுத்துக்கு ஒரு செயற்கை வட்டு

தலையைக் குனிந்து சட்டைப் பொத்தானைப் பாருங்கள். பிறகு அண்ணாந்து கூரையைப் பாருங்கள். கழுத்திலுள்ள ஏழு முள்ளெலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே சாய்வதால்தான் இது முடிகிறது. இரண்டாவது எலும்பிலிருந்து கீழ்நோக்கி, அடுத்தடுத்த எலும்புகளுக்கு இடையே ஒவ்வொரு வட்டு உண்டு. வெளியே நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். வளையம் கிழிந்து கூழ் பின்புறம் பிதுங்கினால் நரம்பை அழுத்தும். அப்போது வலி விரல்நுனி வரை பாயும்.

பெரும்பாலோருக்கு இது அறுவையின்றியே தணிந்துவிடும். தணியாதவர்களுக்கு 1950களிலிருந்து ஒரு முறை உண்டு. கழுத்தின் முன்பக்கமாகச் சென்று வட்டை எடுத்துவிட்டு, அங்கே எலும்புத் துண்டு வைத்து, இரு முள்ளெலும்புகளையும் ஒன்றாக வளரச் செய்வார்கள். வலி நீங்கும். ஆனால் அசையாமற்போன மூட்டின் வேலையை யார் செய்வது? மேலும் கீழும் உள்ள வட்டுகள்தாம்! இவ்வாறு இணைக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பத்தாண்டுக்குள் பக்கத்து வட்டில் தொல்லை தோன்றும் என்று 1999இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணித்தது. (அது இணைப்பால் வருவதா, வயதால் வருவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.)

அசைவைக் காப்பாற்றினால் என்ன? 1960களில் ஸ்வீடன் மருத்துவர் ஃபெர்ன்ஸ்ட்ராம், பெரும்பாலும் இடுப்புப் பகுதியில், வட்டு இருந்த இடத்தில் எவர்சில்வர் குண்டை வைத்துப் பார்த்தார். குண்டு மெல்ல எலும்புக்குள் புதைந்தது. பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கம்மின்ஸ் குழுவினர் கழுத்துக்கென்றே பந்தும் கிண்ணமும் போன்ற உலோக மூட்டைச் செய்தனர். அதன் வழிவந்த மூட்டொன்றுக்கு 2007இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

இத்தகைய மூட்டுகளில் சிலவற்றுக்குப் பத்தாண்டு முடிவுகள் வந்துவிட்டன. வலி நீங்குவதில் செயற்கை வட்டு பழைய முறைக்குக் குறைந்ததல்ல. இரண்டாவது அறுவை தேவைப்பட்டவர்களும் குறைவு. ஆனாலும் உடல் சும்மா இருப்பதில்லை. சிலருக்கு மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்து, அதை அடியோடு பூட்டிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பலருக்கு வலி திரும்புவதில்லை! வேறு சிலருக்குத் தேய்ந்த துகள்களால் அருகிலுள்ள எலும்பு அரிக்கப்படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இச்சோதனைகளில் பல, மூட்டைத் தயாரித்த நிறுவனங்களின் செலவில் நடந்தவை. மறு அறுவை வேண்டுமா என்று முடிவு செய்த மருத்துவருக்கு உள்ளே இருப்பது எது என்பதும் தெரியும். ஆகவே மறு அறுவைக் கணக்கைச் சற்று நிதானமாகவே படிக்க வேண்டும். நாற்பது வயதில் பொருத்திக்கொண்டவருக்கு அந்த மூட்டு இன்னும் நாற்பதாண்டு உழைக்க வேண்டும். அத்தனை நீண்ட கணக்கு இதுவரை எவரிடமும் இல்லை.