இருமுனையப் பிறழ்வுடைய பெற்றோரின் பிள்ளைகளது உளநலம்

இருமுனையப் பிறழ்வுடைய பெற்றோரின் பிள்ளைகளது உளநலம் என்பது, தாயோ தந்தையோ இருவருமோ அந்நோய்க்கு ஆளாகியுள்ள குடும்பங்களில் வளரும் பிள்ளைகளின் மனவளர்ச்சி, அவர்களுக்கு நேரக்கூடிய உளநோய்கள், அவற்றிலிருந்து அவர்களைக் காக்கும் வழிகள் ஆகியவற்றைக் குறிக்கும். உளமருத்துவம், மரபியல், வளர்ச்சி உளவியல் ஆகிய துறைகள் இதனை ஆராய்கின்றன. இப்பிள்ளைகளுக்கு உளநோய் ஏற்படும் வாய்ப்பு பிற பிள்ளைகளைவிடக் கூடுதலாகும். ஆயினும் இவர்களுள் பெரும்பாலானோருக்கு இருமுனையப் பிறழ்வு ஏற்படுவதில்லை.

நோயின் தன்மை

இருமுனையப் பிறழ்வு, பேச்சு வழக்கில் பைபோலார் என்று அறியப்படுகிறது. இதில் மனம் அளவுமீறிப் பொங்கும் எழுச்சி நிலையும், ஆழ்ந்த மனச்சோர்வு நிலையும் வெவ்வேறு காலங்களில் தோன்றுகின்றன. கடுமையான எழுச்சி நிலை ஒருமுறையேனும் தோன்றினால் அது முதல் வகை எனப்படும். மென்மையான எழுச்சியும் மனச்சோர்வும் தோன்றுவது இரண்டாம் வகையாகும். இவற்றுக்கு இடைப்பட்ட காலங்களில் பலர் இயல்பாக வாழ்ந்து, பணிபுரிந்து, குடும்பம் நடத்துகின்றனர். உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இது பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குவதால், பிள்ளைகளை வளர்க்கும் ஆண்டுகளும் நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பிள்ளைகளின் அனுபவம்

எழுச்சி நிலையில் உள்ள பெற்றோர் இரவில் உறங்காமல் இருக்கலாம், இடைவிடாது பேசலாம், கையிலுள்ள பணம் முழுவதையும் செலவிடலாம், சிறு தடைக்கும் கடுஞ்சினம் கொள்ளலாம். அந்த நாட்களில் பிள்ளைக்குப் பெரிய வாக்குறுதிகள் அளிக்கப்படுவதும் உண்டு. சில வாரங்கள் கழித்து அதே பெற்றோர் படுக்கையை விட்டு எழாமலும், சமைக்காமலும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமலும் இருக்கக்கூடும். முன்னர் அளித்த வாக்குறுதி பற்றிப் பேச்சே எழாது. எந்தப் பெற்றோரை நம்புவது என்பது பிள்ளைக்கு விளங்காமல் போகிறது.

இதனைப் பிள்ளைகள் தத்தம் வயதுக்கு ஏற்பப் புரிந்துகொள்கின்றனர். மிகச் சிறிய குழந்தைகளிடம் ஓயாத அழுகை, உறக்கக் குலைவு, பெற்றோரை விட்டு அகலாமை ஆகியன காணப்படலாம். பள்ளி செல்லும் வயதினர், தாம் குறும்பு செய்ததாலோ குறைந்த மதிப்பெண் பெற்றதாலோதான் அம்மாவுக்கு இவ்வாறு ஆயிற்று என்று எண்ணிக்கொள்வது பொதுவான ஒன்றாகும். சில பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்தவுடன் பெற்றோரின் முகத்தைப் பார்த்து அன்றைய நிலையைக் கணிக்கப் பழகிவிடுகின்றனர். பதின்ம வயதினர் சமையல், தம்பி தங்கையரைக் கவனித்தல், பெற்றோர் மருந்து உட்கொள்கின்றனரா எனப் பார்த்தல் ஆகிய பொறுப்புகளை ஏற்கின்றனர். பெற்றோரும் பிள்ளையும் இடம் மாறும் இந்நிலை நீடித்தால் படிப்பும் நட்பும் பாதிக்கப்படுகின்றன.

மரபுவழிக் காரணிகள்

இருமுனையப் பிறழ்வில் மரபின் பங்கு பெரிது. இரட்டையர் ஆய்வுகள் இந்நோயின் மரபுப் பேற்றை 60 முதல் 85 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. இது மக்கள் தொகையில் காணப்படும் வேறுபாட்டைக் குறிக்கும் அளவே ஆகும். ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு அன்று. பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருப்பின் பிள்ளைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு எனக் கருதப்படுகிறது. பொது மக்களிடையே இது 1 விழுக்காட்டை ஒட்டியதாகும். நோய்க்கெனத் தனி மரபணு ஒன்று இல்லை. சிறுசிறு விளைவுடைய பல மரபணு வேறுபாடுகள் சேர்ந்தே வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவற்றுள் பல, மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகிய நோய்களுக்கும் பொதுவானவை. மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒத்திருக்கும் ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தும் மற்றவருக்கு வராமல் இருப்பதுண்டு. எனவே மரபு மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை.

நெடுங்கால ஆய்வுகள்

1997 ஆம் ஆண்டில் லபால்ம் முதலியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். இப்பிள்ளைகளுக்கு ஏதேனும் ஓர் உளநோய் ஏற்படும் வாய்ப்பு பிற பிள்ளைகளைப் போல் 2.7 மடங்கு என்றும், மனநிலை நோய்கள் ஏற்படும் வாய்ப்பு 4 மடங்கு என்றும் அவர்கள் கண்டனர்.

அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் போரிஸ் பிர்மாஹர் தலைமையில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2009 இல் வெளியாயின. நோயுள்ள பெற்றோரின் 388 பிள்ளைகளும், நோயில்லாப் பெற்றோரின் 251 பிள்ளைகளும் ஒப்பிடப்பட்டனர். இருமுனைய வகை நோய்கள் முதல் குழுவில் 10.6 விழுக்காட்டினரிடமும் இரண்டாம் குழுவில் 0.8 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்த பிள்ளைகளிடையே இது 28.6 விழுக்காடாக இருந்தது.

நெதர்லாந்தில் 1990களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு 140 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. 12 ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட கணக்கு 2013 இல் வெளியிடப்பட்டது. அதுவரையிலான வாழ்நாளில் ஏதேனும் ஓர் உளநோய் ஏற்பட்டவர்கள் 72 விழுக்காட்டினர். ஆனால் இருமுனைய வகை நோய்கள் ஏற்பட்டவர்கள் 13 விழுக்காட்டினரே. முதல் வகை இருமுனையப் பிறழ்வு 3 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஏற்பட்டது. முதல் எண் பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு போன்ற அனைத்தையும் உள்ளடக்கியது. ஆகவே இவ்வெண்களைத் தனித்தனியே படித்தால் வீண் அச்சமோ வீண் நம்பிக்கையோ ஏற்பட இடமுண்டு.

நோய் தோன்றும் வரிசை

கனடாவில் ஆன் டஃபி முதலியோர் இப்பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நோய் பெரும்பாலும் படிப்படியாக வெளிப்படுவதை விளக்கினர். நோய் பின்னர் தோன்றியவர்களுள் பலருக்குச் சிறுவயதில் பதற்றமும் உறக்கச் சிக்கல்களும் முதலில் தோன்றின. பதின்ம வயதில் மனச்சோர்வு வந்தது. எழுச்சி நிலை அதற்குப் பின்னரே வெளிப்பட்டது. நெதர்லாந்து ஆய்விலும் நோய் ஏற்பட்டவர்களுள் பெரும்பாலானோருக்கு முதலில் வந்தது மனச்சோர்வே ஆகும்.

இக்கண்டுபிடிப்பு மருத்துவத்தில் முக்கியமானது. இத்தகைய குடும்பத்துப் பதின்ம வயதினர் ஒருவர் மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் செல்லும்போது குடும்பத்தில் உள்ள நோயை மறைத்துவிட்டால், அவருக்கு மனச்சோர்வு நீக்கி மருந்து மட்டும் தரப்படலாம். இருமுனைய இயல்பு உள்ளவர்களிடம் அம்மருந்து எழுச்சி நிலையைத் தூண்டக்கூடும். திருமணப் பேச்சுக்கும் ஊராரின் பேச்சுக்கும் அஞ்சி மறைக்கப்படும் செய்தி, இவ்வாறு அடுத்த தலைமுறையின் மருத்துவத்தைத் தவறான வழியில் செலுத்திவிடுகிறது. மறுபுறம், பதின்ம வயதுக்கு இயல்பான சினத்தையும் மகிழ்ச்சியையும் நோயின் அறிகுறி எனக் கொள்வதும் தவறாகும்.

மகப்பேறும் குழந்தைப் பருவமும்

இந்நோயுள்ள பெண்களுக்கு மகப்பேற்றை அடுத்த வாரங்களில் நோய் மீளும் வாய்ப்பு மிகுதி. சிலருக்கு மகப்பேற்றுக்குப் பிந்திய கடும் உளப்பிணி ஏற்படுகிறது. இது உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலை. மருத்துவத்தால் குணமாகக்கூடியதும் ஆகும். வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குப் பிறவிக் குறைகளையும் வளர்ச்சிக் குறைகளையும் ஏற்படுத்தக்கூடும். எனவே கருவுறும் முன்னரே மருத்துவருடன் திட்டமிடுதல் பரிந்துரைக்கப்படுகிறது. மருந்தைத் தாமாகவே நிறுத்துவது நோய் மீள்வதற்கு வழிசெய்யும்.

காக்கும் கூறுகள்

பெற்றோர் தொடர்ந்து மருத்துவம் பெறுவது பிள்ளைக்கும் நன்மை தருகிறது. லித்தியம் முதலிய மருந்துகள் நோய் மீள்வதைக் குறைக்கின்றன. நோயற்ற மற்றொரு பெற்றோர், பாட்டி, மாமா, ஆசிரியர் என நிலையான பெரியவர் ஒருவரேனும் அருகில் இருப்பது, உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் ஒழுங்காக அமைவது, வீட்டில் பூசல் குறைவது, பள்ளியும் நட்பும் தடைப்படாமல் தொடர்வது ஆகியனவும் பிள்ளையைக் காக்கின்றன.

நோயைப் பற்றிப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற சொற்களில் விளக்குவது இவற்றோடு சேர்த்து வலியுறுத்தப்படுகிறது. சொன்னால் பிள்ளை அஞ்சிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் பிள்ளை மாற்றங்களை ஏற்கெனவே கண்டிருக்கும். விளக்கம் தரப்படாதபோது அது தானே ஒரு விளக்கத்தை உருவாக்கிக்கொள்கிறது. அதில் பெரும்பாலும் குற்றவாளி அப்பிள்ளையே. பிள்ளை அறிய வேண்டுவன நான்கு: இதற்கு ஒரு பெயர் உண்டு, இது யாருடைய தவறாலும் வந்ததன்று, மருத்துவர்கள் உதவுகின்றனர், நிலைமை மோசமானால் இன்னாரை அழைக்கலாம். அழைக்க வேண்டியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெற்றோர் நலமாக உள்ள காலத்திலேயே எழுதிவைப்பது நன்று.

தலையீடுகளும் சட்டங்களும்

அமெரிக்காவில் வில்லியம் பியர்ட்ஸ்லி, மனச்சோர்வுள்ள பெற்றோர் தம் நோயைப் பிள்ளைகளுடன் பேச உதவும் குடும்ப முறையை உருவாக்கினார். பின்லாந்தில் தித்தி சோலந்தாஸ் இத்தகைய முறைகளைப் பொதுநல மருத்துவப் பணியில் புகுத்தினார். டேவிட் மிக்லோவிட்ஸ் முதலியோரின் குடும்ப மைய மருத்துவம், ஏற்கெனவே மனநிலை அறிகுறிகள் உள்ள பிள்ளைகளுக்கு அடுத்த பாதிப்பு வரும் காலத்தைத் தள்ளிப்போடுவதாக 2020 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு முன்கூட்டியே மருந்து தருவது பரிந்துரைக்கப்படுவதில்லை.

நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளில், உளநோயாளருக்குப் பிள்ளைகள் இருப்பின் அப்பிள்ளைகளின் தேவைகளையும் மருத்துவப் பணியாளர் கவனிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை 2010 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் பெங்களூரின் நிம்ஹான்சு நிறுவனம் 2009 இல் தாய்-சேய் உளமருத்துவப் பிரிவைத் தொடங்கியது. உளநோய்க்காக நிலையத்தில் மருத்துவம் பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என 2017 ஆம் ஆண்டின் உளநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. குழந்தைக்குத் தீங்கு நேரும் நிலை இருப்பின் தற்காலிகமாகப் பிரிக்கவும், அந்நிலையிலும் தாய் கண்காணிப்புடன் குழந்தையைக் காணவும் அச்சட்டம் இடமளிக்கிறது.