பழி கார்டின் மேல்

லினக்ஸ் கணினியில் திடீரென்று இணையம் நின்றுபோகும். கெர்னல் எழுதிவைத்திருக்கும் பதிவைத் திறந்தால் ‘டிடெக்டட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்’ என்று ஒரு வரி கிடக்கும். பல இன்டெல் நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் இ1000இ என்ற டிரைவரின் வரி அது. அதைப் பார்த்ததும் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டிக் கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். கார்டிடமிருந்து பதில் வரவில்லை என்பது மட்டுந்தான் டிரைவருக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது அதற்கும் தெரியாது.

அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளின் விவரத்தை டிரைவர் நினைவகத்தில் ஒரு வட்ட வரிசையில் எழுதிவைக்கும். கார்டு அதை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பிவிட்டு, முடிந்ததென்று குறி போடும். சர்வர் ஆர்டர் சொல்லிக்கொண்டே இருக்க, அடுப்படியிலிருந்து ஒரு தட்டும் வராத ஹோட்டல் எப்படியோ, அப்படித்தான் இந்த ஹேங். பதிவில் அந்த வரிக்குக் கீழே டி.டி.ஹெச்., டி.டி.டி. என்று இரண்டு எண்கள் இருக்கும். கார்டு எதுவரை எடுத்திருக்கிறது என்பதை முதல் எண்ணும், டிரைவர் எதுவரை எழுதியிருக்கிறது என்பதை இரண்டாவதும் சொல்கின்றன. அடுத்தடுத்த வரிகளிலும் முதல் எண் நகராமல் நின்றால் கார்டு எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

மாட்டிக்கொள்வது பலநேரம் டி.எஸ்.ஓ. என்ற வசதியில். 64 கிலோபைட் வரையிலான தரவைக் கெர்னல் மொத்தமாகத் தள்ளிவிடும்; சுமார் 1,500 பைட் துண்டுகளாக நறுக்குவது கார்டின் பொறுப்பு. சில சிப்புகள் இந்த வேலையில் திணறும். ஈத்டூல் என்ற கருவியால் டி.எஸ்.ஓ.வை அணைத்துவிட்டால் பிராசசருக்கு வேலை கொஞ்சம் கூடும், ஹேங் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் கேபிளைப் பார்க்க வேண்டும். பதிவில் எதுவும் இல்லாமல் வேகம் மட்டும் தள்ளாடினால் முதல் சந்தேகம் கேபிள்மேல்தான். அதே ஈத்டூல் பிழைக் கணக்கையும் காட்டும். ஒவ்வொரு பாக்கெட்டின் கடைசியிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று வருகிறது. பெறும் கார்டு தானும் கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிடும். இந்த சி.ஆர்.சி. பிழை ஏறிக்கொண்டே போனால் சரியாகக் கிரிம்ப் செய்யாத பிளக், மின்வயரை ஒட்டி இழுத்த கேபிள் என்று தேடுங்கள். 1,000 மெகாபிட் கார்டு 100-இல் நிற்கிறதா? 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், 1,000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். பிளக்கில் நீல ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் பாருங்கள். அவற்றில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் கார்டு 100-க்கு இறங்கி ஓடக்கூடும்.

கார்டு உண்மையிலேயே செத்தாலும் குற்றவாளி வேறாக இருக்கலாம். செப்டம்பர் 2008-இல் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலரின் இன்டெல் கார்டுகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. கணினியை அணைத்துப் போட்டாலும் அவை மீளவில்லை. கார்டின் அமைப்பு விவரங்கள் பதிந்திருந்த ஃபிளாஷ் நினைவகமே சிதைந்திருந்தது. எல்லோரும் இ1000இ டிரைவரைத்தான் திட்டினார்கள். உண்மையான காரணம் எஃப்டிரேஸ் என்ற, கெர்னலின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் கருவி. மாட்யூல்கள் ஏறும்போது ஒருமுறை மட்டும் ஓடிவிட்டுக் கழியும் நிரல்பகுதிகளின் முகவரியையும் அது குறித்து வைத்திருந்தது. கழிந்த இடத்தைக் கெர்னல் பிறகு கார்டின் ஃபிளாஷுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. இது தெரியாத எஃப்டிரேஸ், பழைய நிரல் இருப்பதாக நினைத்து அங்கே திருத்தப் போனது. எதிர்பார்த்தது அங்கே இருந்தால் மட்டும் மாற்று என்ற, பார்வைக்குப் பத்திரமான கட்டளைதான் அது. ஆனால் இன்டெல் பிராசசர்களில் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் படித்ததையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்துக்கு அதனால் கேடில்லை. ஃபிளாஷுக்கு அதுவே எமன்.

அக்டோபர் 9 அன்று வெளியான 2.6.27-இல் கார்டின் ஃபிளாஷ் நினைவகத்தைப் பூட்டும் காப்பைச் சேர்த்தார்கள். அடுத்து வந்த 2.6.27.1, எஃப்டிரேஸ் இப்படி நிரலைத் திருத்தும் வசதியையே அணைத்துவிட்டது. ஃபிளாஷில் இருந்ததை ஈத்டூலால் முன்பே நகல் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு மீட்க ஒரு வழி இருந்தது. அந்த நகல் எடுக்க ஒரே ஒரு கட்டளை போதும்; இன்றே எடுத்து வையுங்கள்.

தனிக் கார்டாக இருந்தால் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். மதர்போர்டிலேயே பதித்த கார்டு என்றால், பென் டிரைவிலிருந்து வேறு பதிப்புக் கெர்னலை பூட் செய்து பாருங்கள். அங்கும் அதே ஹேங் வரி வந்தால் மட்டும் புதுக் கார்டுக்குக் காசு எடுங்கள்.