ஜீப்பின் முன்சக்கரத்துக்குள்ளே
(பத்தாம் வகுப்பு மாணவி)

காங்கேயத்தில் எங்கள் பெரியப்பாவுக்குத் தென்னந்தோப்பு உண்டு. அங்கே ஒரு பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் ஓடிய நீரைக் கடந்து அது திருப்பூருக்கு வந்தது. சில வாரம் கழித்து முன்சக்கரத்திலிருந்து முனகல் போல் ஓர் ஓசை எழுந்தது. அதைப் பொருட்படுத்தாமல் ஞாயிறு பூசைக்குக் கூட அதிலேயே போய் வந்தோம். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன், "இன்னுங் கொஞ்சம் தூரம் போயிருந்தா சக்கரம் தனியா ஓடியிருக்கும் அம்மிணி" என்றார். அன்று அருகில் நின்று கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

மஹிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை மும்பையில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்தவையே இப்பழைய வண்டிகள். இவற்றின் ஒவ்வொரு முன்சக்கரத்தின் ஹப்பிலும் இரண்டு பேரிங்குகள் எதிரெதிராக அமைந்திருக்கும். உள்ளே இருப்பவை குண்டுகள் அல்ல. ஒருபுறம் சிறுத்த உருளைகள். 1898-ல் ஹென்றி டிம்கன் என்பவர் இவ்வகைக்கு உரிமம் பெற்றார். வண்டியின் பாரம் மேலிருந்து அழுத்துகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. சாய்ந்த உருளைகள் இரண்டையும் தாங்கிக்கொள்ளும்.

உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது கிரீஸ். அக்காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் கலந்து மசை போட்டதும் இதற்காகத்தான். நம் ஊர் நிட்டிங் மெஷின்களுக்குப் பஞ்சுத்தூசு பகை என்றால், ஜீப்புக்கு நீர்தான் பகை. ஓடிச் சூடேறிய ஹப் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. ஆயில் சீல் தேய்ந்திருந்தால் வெளிநீர் உள்ளே உறிஞ்சப்படும். வாயுக்கள் குளிர்ந்தால் சுருங்கும் என்று வகுப்பில் படித்தபோது, அது எங்கள் ஜீப்பில் நடக்கும் என்று நான் எண்ணவில்லை!

முதலில் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கு கொடுத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாதாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது 'கடக் கடக்' என்று ஆடியது. இடப்பக்க நட்டுகள் சில பழைய ஜீப்புகளில் எதிர்ப்புறமாகத் திரும்பும்; அது தெரியாமல் பலம் காட்டினால் போல்ட்டுதான் முறியும். சக்கரத்தையும் ஹப்பின் மூடித்தட்டையும் எடுத்தபின் இரண்டு பெரிய நட்டுகள், இடையில் ஒரு லாக் வாஷர். வாஷரின் மடித்த ஓரத்தை நிமிர்த்திய பிறகே நட்டு கழன்றது.

வெளிவந்த கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தது. நீர் கலந்ததன் அடையாளம் அது. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தோம். ஒன்றில் உருளைகள் நீலம் பாய்ந்து, வெளிவளையத்தில் அம்மைத் தழும்பு போல் குழிகள். அதை வளையத்தோடு மாற்ற வேண்டியதாயிற்று. புதிய உருளைகளைப் பழைய வளையத்தில் ஓடவிட்டால் அவையும் விரைவில் கெடும்.

கிரீஸ் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. இடது உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும் வரை விடக்கூடாது. மேலே பூசினால் போதாது. நான் ஒன்றுக்கு வைத்தேன். அண்ணன் வாங்கிப் பார்த்து, பேசாமல் இன்னொரு முறை வைத்தார். ஹப் முழுவதையும் கிரீஸால் அடைப்பதும் தவறு, சூடு ஏறும். பிரேக் ஷூவில் ஒரு துளி படவும் கூடாது.

புது ஆயில் சீல் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கினார்கள். சுற்றுவது கடினமானதும், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுற்றுத் தளர்த்தினார்கள். ஆட்டமும் இல்லை, பிடிப்பும் இல்லை. பிறகு லாக் வாஷர், வெளி நட்டு. வாஷர் ஓரத்தை மடித்தாயிற்று.

அவிநாசி வரை ஓட்டிப் போய்த் திரும்பியதும் பெரியப்பா இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார்த்தார். கை தாங்கும் அளவு வெதுவெதுப்புத்தான். நானும் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கு வந்தபோதும் என் நக இடுக்கில் கிரீஸ் இருந்தது. சிஸ்டர் காரணம் கேட்டார்கள்.