எல்லாருக்கும் ஒரு துண்டு

நுழையும்முன்

தமிழ்நாட்டுத் திருமண வீடுகளில் சமையற்காரர் முதலில், "எத்தனை இலை?" என்று கேட்பார். ஓர் இலை என்பது ஓர் ஆளைக் குறிக்கும். ஆள் கணக்குத் தெரிந்த பின்னரே அரிசியும் பருப்பும் அளக்கப்படும். பள்ளி விழாவுக்கோ குடியிருப்பின் புத்தாண்டுக் கூட்டத்துக்கோ கேக் செய்பவரும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். நால்வருக்குச் செய்யும் கேக்கில் நேரும் சிறு பிழை எவர் கண்ணிலும் படாமல் போகலாம். நாற்பத்தெட்டுப் பேருக்குச் செய்யும்போது அதே பிழை பன்மடங்கு பெருகும். மேலே ஐசிங் பூசிய எளிய வெனிலா கேக்கைப் பலருக்குச் செய்யும் முறையையும், அதன் பின்னுள்ள அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆள் கணக்கும் தட்டுக் கணக்கும்

பலருக்குப் பங்கிடுவதற்கு வட்ட வடிவக் கேக்கைவிடச் செவ்வக வடிவக் கேக்கே ஏற்றது. வட்டத்தை நாற்பது சம துண்டுகளாக வெட்டுவது கடினம். செவ்வகத்தை நேர்கோடுகளால் எளிதில் சமமாகப் பிரிக்கலாம். 23 செ.மீ. அகலமும் 33 செ.மீ. நீளமும் 5 செ.மீ. உயரமும் உடைய ஒரு தட்டில் வேகும் கேக்கை, அகலவாக்கில் 4 பகுதிகளாகவும் நீளவாக்கில் 6 பகுதிகளாகவும் வெட்டினால் 24 துண்டுகள் கிடைக்கும். இரண்டு தட்டுகளில் 48 துண்டுகள். நாற்பத்தைந்து பேர் வருவார்கள் எனில், இரண்டு தட்டுகள் போதும். எதிர்பாராமல் வரும் மூவருக்கும் பங்கு இருக்கும்.

ஓவனின் உள்ளளவை முன்னரே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வீடுகளில் உள்ள சிறிய ஓவன்களில் இவ்வளவு பெரிய தட்டு நுழையாமல் போகலாம். அந்நிலையில் 20 செ.மீ. சதுரத் தட்டுகள் நான்கைப் பயன்படுத்தலாம். ஒரு சதுரத் தட்டின் பரப்பு 400 சதுர செ.மீ.; பெரிய தட்டின் பரப்பு 759 சதுர செ.மீ. ஆகவே பெரிய தட்டுக்குரிய மாவில் பாதி, ஒரு சதுரத் தட்டுக்குப் பொருந்தும். அதிலிருந்து 12 துண்டுகள் கிடைக்கும்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு

அச்சிட்ட சமையல் குறிப்பு இல்லாமலே நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க கேக் ஒன்று அமெரிக்க இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதன் பெயரே 'ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு கேக்'. ஒரு கோப்பை வெண்ணெய், இரண்டு கோப்பை சர்க்கரை, மூன்று கோப்பை மைதா மாவு, நான்கு முட்டை என்பது அதன் விகிதம். இதனுடன் ஒரு கோப்பைப் பால் சேரும். இந்த விகிதத்தை எடை அளவில் எழுதினால் கீழ்க்காணும் பட்டியல் கிடைக்கும்.

ஒரு தட்டுக்குத் தேவையானவை (24 துண்டுகள்):

உப்பில்லாத வெண்ணெய் – 225 கிராம்
பொடியான சர்க்கரை – 400 கிராம்
மைதா மாவு – 375 கிராம்
முட்டை – 4
பால் – 240 மி.லி.
பேக்கிங் பவுடர் – 3 தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் – 2 தேக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டி

இரண்டு தட்டுகளுக்கு ஒவ்வொரு பொருளையும் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பெருக்கி மற்றொன்றை மறந்தால் விகிதம் குலையும், கேக்கும் கெடும்.

மாவைக் கோப்பையால் அளப்பதைவிட எடைபோடுவதே நன்று. ஒரு கோப்பையில் மாவைத் தளர்வாக நிரப்பினால் ஏறத்தாழ 120 கிராம் இருக்கும். அழுத்தி நிரப்பினால் 150 கிராம் வரை இருக்கும். வேறுபாடு 30 கிராம்தான். ஆனால் இரண்டு தட்டுகளுக்கு ஆறு கோப்பை மாவு வேண்டும். அப்போது பிழை 180 கிராமாகிவிடும். அது ஒரு கோப்பை மாவுக்கும் மேல். அத்தகைய கேக் வறண்டு கெட்டியாகிவிடும். பலருக்குச் சமைப்பவரிடம் தராசு இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

மாவு கலக்கும் முறை

வெண்ணெயையும் முட்டையையும் பாலையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு வெண்ணெய் மென்மையாக இருத்தல் நலம், உருகிவிடக் கூடாது.

முதலில் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து, வெளிறிய நிறம் வரும்வரை நன்கு அடிக்க வேண்டும். சர்க்கரையின் கூரிய படிகங்கள் வெண்ணெயினுள் எண்ணற்ற நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடரிலிருந்து பின்னர் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, இந்த அறைகளுக்குள் புகுந்து அவற்றை விரிக்கிறது. ஆகவே இப்போது போதிய காற்று சேராவிடில், பின்னர் எவ்வளவு பேக்கிங் பவுடர் சேர்த்தாலும் கேக் பஞ்சுபோல் எழும்பாது.

அடுத்து முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்க வேண்டும். வெனிலா எசன்ஸையும் இப்போதே சேர்க்கலாம். மைதா மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் ஒன்றாகச் சலித்து, மூன்று பங்காக்கிக்கொள்ள வேண்டும். பாலை இரண்டு பங்காக்க வேண்டும். மாவு, பால், மாவு, பால், மாவு என்னும் வரிசையில் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும்.

மாவு சேர்ந்தபின் நெடுநேரம் கலக்கக் கூடாது. பரோட்டாவுக்கு மாவைப் பிசையப் பிசைய இழுவை கூடும். மைதாவில் உள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டன் என்னும் வலைப்பின்னலை உண்டாக்குவதே அதற்குக் காரணம். பரோட்டாவுக்கு அந்த இழுவை தேவை. கேக்குக்கு அது பகை. உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தவுடன் கலப்பதை நிறுத்திவிட வேண்டும்.

பெருக்கல் செல்லாத இடம்

பொருள்களின் அளவை இரண்டால் பெருக்கலாம். ஆனால் மாவின் ஆழத்தையும் வேகும் நேரத்தையும் அவ்வாறு பெருக்க இயலாது. இரண்டு தட்டு மாவை ஒரே தட்டில் ஊற்றினால், வெப்பம் வெளியிலிருந்து நடுப்பகுதியை எட்டுவதற்கு மிக நீண்ட நேரமாகும். நடு வேகும் முன்னரே ஓரம் கருகி வறண்டுவிடும். ஆதலால் ஆள் கூடும்போது தட்டின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மாவின் ஆழம் மாறாதிருக்க வேண்டும்.

தட்டின் அடியில் பட்டர் பேப்பர் விரித்து, ஓரங்களில் வெண்ணெய் தடவி, மாவை ஊற்றிச் சமன் செய்ய வேண்டும். 175 பாகை செல்சியசுக்கு முன்னரே சூடாக்கிய ஓவனில் 35 முதல் 40 நிமிடம் வரை வேகவிட வேண்டும். சூடான ஓவனையும் தட்டையும் பெரியவர்களே கையாள வேண்டும்.

ஒரே தட்டுதான் ஓவனில் இடம்பெறும் எனில், இரண்டாம் தட்டுக்குரிய மாவை முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது. ஈரம் பட்டவுடன் பேக்கிங் பவுடர் வாயுவை வெளியிடத் தொடங்கிவிடும். காத்திருக்கும் மாவு எழும்பும் ஆற்றலை இழக்கும். முதல் தட்டு வேகும் நிலையை நெருங்கும்போது இரண்டாம் மாவைக் கலக்கத் தொடங்குவதே முறை.

வெந்துவிட்டதா என அறிவது எவ்வாறு? 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. கொதிக்கும் நீரில் அரிசி புரண்டு புரண்டு வேகிறது. எனவே எந்தப் பருக்கையை எடுத்துப் பார்த்தாலும் பதம் தெரியும். தட்டில் ஊற்றிய கேக் மாவோ இடம் பெயர்வதில்லை. ஓரம் முதலில் வேகும். நடு கடைசியில் வேகும். ஆகவே கேக்கின் நடுப்பகுதியிலேயே ஒரு மெல்லிய குச்சியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஈர மாவு ஒட்டாமல் குச்சி வெளிவந்தால் கேக் வெந்துவிட்டது எனலாம்.

ஐசிங் பூசுதல்

கேக் முழுவதும் ஆறிய பின்னரே ஐசிங் பூச வேண்டும். வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகிவிடும். வெதுவெதுப்பான கேக்கின் மீது பூசினால் ஐசிங் வழிந்தோடும். சித்திரை, வைகாசி மாத வெயிலில் அறையின் வெப்பமே அதை உருக்கப் போதுமானது. ஆகவே கோடையில் அதிகாலையில் பூசிக் குளிர்பெட்டியில் வைப்பது நலம்.

ஒரு தட்டுக்கு 150 கிராம் வெண்ணெயை மென்மையாக அடித்து, 300 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். 2 மேசைக்கரண்டி பாலும் ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸும் சேர்த்து, பூசுவதற்கு ஏற்ற பதம் வரும்வரை அடிக்க வேண்டும். கேக்கைத் தட்டிலிருந்து வெளியே எடுக்காமல் மேற்புறத்தில் மட்டும் பரப்பினால் போதும். விழா நடக்கும் இடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லலாம், உடையாது. வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு முறையும் அவ்வாறே செய்தால் துண்டுகள் சீராக அமையும்.

எவரும் விடுபடாமல்

கூட்டத்தில் முட்டை உண்ணாதவர்கள் இருப்பார்கள். சிலருக்கு முட்டை உடலுக்கு ஒவ்வாது. அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை முன்னரே எண்ணிச் செயற்படுவது விருந்தளிப்பவரின் கடமை.

இவ்விடத்தில் பேக்கிங் பவுடரின் வரலாறு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை நடத்தி வந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒவ்வாதவை. முதலில் அவர் முட்டையில்லாத கஸ்டர்ட் மாவைச் செய்தார். பின்னர் 1843-ஆம் ஆண்டில், ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி எழும்புவதற்காகப் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். ஒருவர் உணவு மேசையில் விடுபடக் கூடாது என்னும் அக்கறையிலிருந்து பிறந்த பொருளே இன்று உலகெங்கும் கேக்குகளை எழும்பச் செய்கிறது.

முட்டையில்லாமல் செய்வதற்கு, நான்கு முட்டைக்கு மாற்றாக 240 மி.லி. புளிக்காத தயிரைச் சேர்க்கலாம். தயிரில் நீர் மிகுதியாதலால் பாலை 180 மி.லி. ஆகக் குறைக்க வேண்டும். பேக்கிங் பவுடரை 2 தேக்கரண்டியாகக் குறைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்க வேண்டும். தயிரின் அமிலமும் சோடாவும் வினைபுரிந்து வாயுவை உண்டாக்கும். இக்கேக் சற்று அடர்த்தியாக இருக்கும், சுவையில் குறையிராது.

ஒரு தட்டை முட்டையோடும் மற்றொன்றை முட்டையின்றியும் செய்தால், தனித்தனிக் கத்திகளும் பெயர்ச்சீட்டுகளும் தேவை. இரண்டு தட்டுகளையும் முட்டையின்றியே செய்துவிட்டால், முட்டை உண்ணாதவர் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அனைவரும் ஒரே வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளலாம்.

வெனிலாவின் கதை

கேக்குக்கு மணம் தரும் வெனிலா, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஆர்க்கிட் வகைக் கொடியின் காயிலிருந்து கிடைப்பது. ஐரோப்பியர் அக்கொடியை வேறு நாடுகளுக்குக் கொண்டு சென்று நட்டனர். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் அங்கெல்லாம் இல்லாமையே காரணம்.

1841-ஆம் ஆண்டில், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்னும் 12 வயதுச் சிறுவன் இதற்கு வழி கண்டான். அவன் ஓர் அடிமை. மெல்லிய குச்சியால் பூவின் உள்ளே இருந்த தடுப்பை விலக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூலகமுடியில் அழுத்தினான். பூ காயாயிற்று. வெனிலாப் பூ ஒரு நாளே மலர்ந்திருக்கும் என்பதால், இன்றும் தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் அன்றன்றே கையால் இவ்வாறு செய்கின்றனர். கேரளம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் மலைப்பகுதித் தோட்டங்களிலும் இம்முறையே வழங்குகிறது.

கடைகளில் விற்கும் எசன்ஸ் பெரும்பாலும், வெனிலாக் காயில் உள்ள வெனிலின் என்னும் வேதிப்பொருளைச் செயற்கையாக ஆக்கிச் செய்யப்படுவது. 1874-ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலாளர்கள் அதை முதன்முதலில் உருவாக்கினர்.

1848-இல் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது எட்மண்ட் விடுதலை பெற்றார். அல்பியஸ் என்னும் பெயரும் பெற்றார். அவருடைய முறையால் தோட்ட உரிமையாளர்கள் செல்வம் சேர்த்தனர். 1880-இல் அவர் வறுமையில் இறந்தார். உலகுக்கு வெனிலாவைப் பெருக்கித் தந்தவருக்கு அதில் உரிய பங்கு கிடைக்கவில்லை.

சொற்பொருள்

விகிதம் – பொருள்களுக்கு இடையே உள்ள அளவு முறை
பதம் – பக்குவம், ஏற்ற நிலை
பருக்கை – ஒரு சோற்றுமணி
பகை – இங்கு, கேடு தருவது என்னும் பொருளில் வந்தது
சூலகமுடி – பூவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'எத்தனை இலை?' என்பதன் பொருள் யாது?
2. மாவு சேர்த்தபின் நெடுநேரம் கலக்கக் கூடாதது ஏன்?
3. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழி கேக்குக்குப் பொருந்தாதது ஏன்?

ஆ. கணக்கிடுக.
1. 70 பேருக்கு எத்தனைப் பெரிய தட்டுகள் தேவை? எத்தனைத் துண்டுகள் மீதமிருக்கும்?
2. அதற்கு எவ்வளவு மைதா மாவு வேண்டும்?

இ. பிரித்து எழுதுக.
1. வெண்ணெய்  2. நடுப்பகுதி  3. நாற்பத்தைந்து

ஈ. சிந்தித்து எழுதுக.
1. ஆல்ஃபிரட் பேர்ட், எட்மண்ட் அல்பியஸ் ஆகிய இருவரின் கண்டுபிடிப்புகளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. உங்கள் வீட்டில் பலருக்குச் செய்யும் உணவு ஒன்றின் செய்முறையைப் பெரியவரிடம் கேட்டு, அளவுகளுடன் எழுதுக.